வேகமும் கதியும்: விஞ்ஞான, கணிதக் கல்வி ஆராய்ச்சிக்கு எந்த நிதியை நாடுவது?

சென்ற தவணை, மூதூரில் நான் கற்பிக்கும் தரம் 10 விஞ்ஞான வகுப்பில் ஒரு சிறு வினாவைக் கொடுத்தேன். 400 மீற்றர் சுற்றளவுள்ள ஓடுபாதையை ஒரு மாணவி 100 செக்கனில் ஒருமுறை சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்கிறாள். அவளது சராசரி வேகம் என்ன? எங்கள் பாடத்திட்டத்தின்படி விடை பூச்சியம். இடப்பெயர்ச்சி பூச்சியமாக இருக்கும்போது வேகமும் பூச்சியம்தான். ஆனால் கொப்பிகளைத் திருத்த உட்கார்ந்தபோது, ஒன்றன்பின் ஒன்றாக "4 மீ/செ" என்ற விடையே வந்துகொண்டிருந்தது. மற்றைய பாடங்களில் கெட்டிக்காரனான ஒரு மாணவனை அழைத்துக் கேட்டேன். "வீடியோவில அப்பிடித்தானே சேர் செய்து காட்டினவை" என்றான். அவன் பார்த்த காணொளி தமிழ்நாட்டில் தயாரிக்கப்பட்டது. தூரத்தை நேரத்தால் வகுத்துக் கிடைப்பதை அங்கே வேகம் என்கிறார்கள். நாங்கள் அதைக் கதி என்கிறோம். நாங்கள் வேகம் என்பதை அவர்கள் திசைவேகம் என்கிறார்கள். அவன் எழுதிய விடை சென்னையில் சரி, மூதூரில் பிழை.

நிறை என்ற சொல்லிலும் இதே சிக்கல் உண்டு. எங்கள் பாடநூலில் கிலோகிராமில் அளப்பது திணிவு, நியூட்டனில் அளப்பது நிறை. தமிழ்நாட்டுப் பாடநூலில் கிலோகிராமில் அளப்பது நிறை, நியூட்டனில் அளப்பது எடை. போதாக்குறைக்கு, வீட்டில் இருக்கும் அரிசிப் பையிலும் மாப் பையிலும் "நிகர நிறை 5 கி.கி." என்று அச்சிட்டிருக்கிறது. கிண்ணியாவில் கணிதம் கற்பிக்கும் என் நண்பர், நாங்கள் தொடை (set) என்பதைக் கணம் என்றும் தாயம் (matrix) என்பதை அணி என்றும் கேட்டுவரும் பிள்ளைகளைப் பற்றிச் சொல்வார். அது அவ்வளவு பெரிய இடர் அல்ல. ஒரு பொருளுக்கு இரண்டு சொற்கள் இருந்தால் பிள்ளை ஒரு கிழமையில் பழகிவிடும். ஒரே சொல் இரண்டு பொருள்களைச் சுட்டும்போதுதான், தான் பிழை விடுகிறோம் என்பதே பிள்ளைக்குத் தெரியாமற் போய்விடுகிறது.

இதை முறையாக ஆராய வேண்டும் என்று நாங்கள் நால்வர் முடிவெடுத்தோம். மூவர் பாடசாலை ஆசிரியர்கள். நான்காமவர், கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில், பிரயோக விஞ்ஞான பீடத்தில் கணிதம் கற்பிக்கும் விரிவுரையாளர்; எங்களுள் கலாநிதிப் பட்டம் பெற்றவர் அவர் ஒருவரே. வேகத்தையும் கதியையும் குழப்பிக்கொள்வது உலகெங்கும் மாணவர்களிடம் காணப்படுகிற ஒன்று. ஆகவே இங்கே நடப்பது கருத்தின் கடினத்தால் வந்ததா, சொல்லின் இரட்டைப் பொருளால் வந்ததா என்பதைப் பிரித்தறிய வேண்டும். அதற்குத் திருகோணமலை மாவட்டம் மிகவும் ஏற்ற இடம். ஒரே பாடத்திட்டத்தைத் தமிழ் மொழிமூலமும் சிங்கள மொழிமூலமும் கற்கும் பிள்ளைகள் இந்த ஒரே மாவட்டத்தில் இருக்கிறார்கள். சிங்களத்தில் கற்கும் பிள்ளைக்கு வேறொரு நாட்டிலிருந்து வேறொரு கலைச்சொல் மரபு வந்து சேர்வதில்லை. கந்தளாயில் சிங்களத்தில் கற்கும் பிள்ளையும் மூதூரில் தமிழில் கற்கும் பிள்ளையும் ஒரே அளவில் இந்தப் பிழையை விட்டால், குற்றம் சொல்லில் இல்லை என்று தெரிந்துவிடும். மூதூரில் மட்டும் அது கூடுதலாக இருந்தால், சொல்லைப் பற்றிப் பேசத்தான் வேண்டும்.

தமிழ் மொழிமூலம் பன்னிரண்டு, சிங்கள மொழிமூலம் நான்கு எனப் பதினாறு பாடசாலைகள், இரு மொழிகளிலும் ஒத்த வினாத்தாள், ஒவ்வொரு பாடசாலையிலும் சில மாணவரோடு நேர்காணல், எட்டு மாதங்களுக்கு இரண்டு ஆய்வு உதவியாளர்கள், மொழிபெயர்ப்பு, அச்சு, வெருகல் தொடக்கம் புல்மோட்டை வரையான போக்குவரத்து என்று கணக்குப் பார்த்ததில் ஏறத்தாழ 18 இலட்சம் ரூபாய் வந்தது. இந்தப் பணத்தை எங்கே தேடுவது என்று ஆறு மாத காலம் விசாரித்தும் வாசித்தும் நாங்கள் எடைபோட்டுப் பார்த்தவற்றை, இதே நிலையில் நிற்கும் மற்றைய ஆசிரியர்களுக்காகவும் இளம் விரிவுரையாளர்களுக்காகவும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஓர் எச்சரிக்கை. நிதி தேடத் தொடங்குவோர் எல்லோரும் எவ்வளவு தருவார்கள் என்றே முதலில் கேட்கிறார்கள். நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம். அந்தக் கேள்விக்கு முன்னே வேறு மூன்று கேள்விகள் இருக்கின்றன. ஒப்பந்தத்தில் யார் கையெழுத்திட முடியும்? எந்தெந்தச் செலவுகளையும் எந்தெந்த வேலைகளையும் அந்த நிதி அனுமதிப்பதில்லை? கிடைக்கும் முடிவு யாருடைய மேசைக்குப் போய்ச் சேர வேண்டும்? இந்த மூன்றுக்கும் விடை கண்டுவிட்டால், ஓர் ஆசிரியர் முன்னே விரிந்து கிடக்கும் நீண்ட பட்டியல் இரண்டு மூன்றாகச் சுருங்கிவிடுகிறது.

இணையத்தில் தேடும் எவரும் முதலிலேயே தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. இலங்கையின் தேசிய விஞ்ஞான மன்றமும் அமெரிக்காவின் தேசிய அறிவியல் மன்றமும் ஆங்கிலத்தில் ஒரே பெயரைக் கொண்டவை. விஞ்ஞானக் கல்வி ஆராய்ச்சிக்கான மானியம் என்று தேடினால் முதலில் வந்து நிற்பது அமெரிக்க மன்றத்தின் அறிவிப்புகளே. 1950 இல் நிறுவப்பட்ட அந்த மன்றத்தில், விஞ்ஞானம், தொழினுட்பம், பொறியியல், கணிதம் ஆகியவற்றின் கல்விக்கென்றே தனிப் பணியகம் ஒன்று இருக்கிறது. பாடசாலை மட்டத்துக் கற்றல் கற்பித்தலை ஆராய ஒரு நிதித்திட்டம், கற்றலின் அடிப்படைகளை ஆராய ஒன்று, பல்கலைக்கழக இளநிலைக் கல்விக்கு ஒன்று, நூதனசாலைகள் முதலான பாடசாலைக்கு வெளியேயான கற்றலுக்கு ஒன்று என்று இத்துறைக்கு இவ்வளவு விரிவாக வகுத்து நிதி வழங்கிய அமைப்பு வேறெதுவும் என் கண்ணிற் படவில்லை. ஆனால் அந்தப் பணம் அமெரிக்க நிறுவனங்களுக்குரியது. வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்கு அது நேரடியாக நிதி வழங்குவது மிக அரிது. திருகோணமலையில் இருக்கும் ஒருவர் அதற்குள் நுழைய வேண்டுமானால், அங்குள்ள பல்கலைக்கழகம் ஒன்றின் பேராசிரியர் தமது ஆய்வில் இவரை இணைத்துக்கொள்ள வேண்டும். அப்போதும் கேள்வி அவருடையதாகவே இருக்கும். நாம் தரவு சேகரித்துக் கொடுப்பவர்களாக நின்றுவிடுவோம். அதோடு, 2025 ஏப்ரல் தொடக்கம் அந்த மன்றம் ஏற்கெனவே வழங்கிய மானியங்கள் பலவற்றை இடைநடுவில் நிறுத்தியபோது, அவற்றுள் கணிசமான பங்கு கல்வி ஆராய்ச்சிக்கு உரியவையாக இருந்தன. உதவியாளரை வேலைக்கு அமர்த்தி, பாடசாலைகளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, பாதியில் பணம் நின்றுபோனால் இங்கே அதிபர்களின் முகத்தில் எப்படி விழிப்பது? இந்த வாயிலை நாங்கள் விட்டுவிட்டோம்.

இங்கிலாந்தில் கல்வி ஆராய்ச்சிக்கு நிதி வழங்கும் பெரிய அறக்கட்டளைகளும் பெரும்பாலும் தம் நாட்டுப் பாடசாலைகளையே கருத்திற் கொண்டவை. இத்தாலியின் திரியஸ்தேயில், அப்துஸ் சலாம் முன்னின்று 1983 இல் தொடங்கிய உலக விஞ்ஞானக் கழகத்தின் ஆய்வு மானியங்கள் கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல், உயிரியல் ஆகியவற்றில் செய்யப்படும் அடிப்படை ஆய்வுகளுக்கானவை. கணிதத்தை எப்படிக் கற்பிப்பது என்ற ஆய்வுக்கு அங்கே இடமில்லை. எங்கள் விரிவுரையாளர் நண்பர் தமது கணித ஆய்வுக்கு அதை நாடலாமா என்பது வேறு விடயம்.

உலக வங்கித் திட்டங்களைப் பற்றியும் ஒரு சொல். 2017 இல் தொடங்கிய உயர்கல்வி விரிவாக்கத் திட்டத்தின் கீழ் இலங்கைப் பல்கலைக்கழகங்கள் பல, போட்டி அடிப்படையில் ஆய்வு நிதி பெற்றன. அது முடிந்துவிட்டது. இத்தகைய நிதி பருவமழையைப் போன்றது. வரும் காலத்தில் வரும், அப்போது நிலம் உழுது வைத்திருப்பவனுக்கே பயன்படும். அடுத்த திட்டம் வரும்வரை காத்திருப்பதை ஒரு தெரிவாகக் கொள்ள முடியாது. ஆனால் வரும்போது நீட்டுவதற்கு ஓர் ஆய்வு முன்மொழிவு கையில் இருக்க வேண்டும்.

இவையெல்லாம் கழிந்த பிறகு எங்கள் முன்னே உண்மையில் நின்றவை இரண்டு: சிக்காகோவில் உள்ள ஸ்பென்சர் அறக்கட்டளையின் சிறு ஆய்வு மானியம், கொழும்பில் உள்ள தேசிய விஞ்ஞான மன்றத்தின் ஆய்வு மானியம்.

ஸ்பென்சர் அறக்கட்டளை 1962 இல் லைல் ஸ்பென்சர் என்ற பதிப்பாளரால் நிறுவப்பட்டது. கல்வி ஆராய்ச்சி ஒன்றையே தன் பணியாகக் கொண்ட அமைப்பு அது. அதன் சிறு மானியம் 50,000 அமெரிக்க டொலர் வரையானது. டொலருக்கு 300 ரூபாய் என்று கொண்டால் ஒன்றரைக் கோடி ரூபாய். ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரையான ஆய்வுகளுக்கு இது பொருந்தும். தலைப்பை அவர்கள் விதிப்பதில்லை. கல்வி பற்றிய எந்தக் கேள்வியையும் ஆய்வாளரே முன்வைக்கலாம். வெளிநாட்டிலிருந்தும் விண்ணப்பிக்கலாம், ஆனால் முன்மொழிவு ஆங்கிலத்திலும் வரவுசெலவு டொலரிலும் இருக்க வேண்டும். இவ்வளவும் படித்தபோது எங்கள் கேள்விக்கென்றே செய்து வைத்ததுபோல் இருந்தது. ஆய்வின் விளக்கம் 1,800 சொற்களுக்குள் அடங்க வேண்டும் என்ற விதியும் எனக்குப் பிடித்திருந்தது. கதிக்கும் வேகத்துக்கும் உள்ள வேறுபாட்டை, தமிழே அறியாத ஒரு மதிப்பீட்டாளருக்கு 1,800 சொற்களுக்குள் விளக்க முடியாவிட்டால், அந்தக் கேள்வி எங்களுக்கே இன்னும் தெளியவில்லை என்பதுதான் பொருள்.

தடைகளும் இருக்கின்றன. பிரதான ஆய்வாளர் கலாநிதிப் பட்டம் பெற்றவராகவோ, கல்வி ஆராய்ச்சி சார்ந்த தொழிலில் தக்க அனுபவம் உடையவராகவோ இருக்க வேண்டும். விண்ணப்பத்தை ஒரு நிறுவனம் பொறுப்பேற்க வேண்டும். பணம் அந்த நிறுவனத்துக்கே வரும், ஆசிரியரின் வங்கிக் கணக்குக்கு வராது. ஆகவே ஒரு பாடசாலை ஆசிரியர், கல்வி முதுமாணி பெற்றவராக இருந்தாலும், தனியே இதை நினைத்துப் பார்க்க முடியாது. எங்களுக்கு வளாக விரிவுரையாளர் இருக்கிறார். ஆனால் அவர் கணிதவியலாளர். வினாத்தாளின் நம்பகத்தையும் நேர்காணலைப் பகுத்தாராயும் முறையையும் பற்றி, கல்வி ஆராய்ச்சியையே தொழிலாகக் கொண்ட மதிப்பீட்டாளர்கள் கேட்கும் கேள்விகளுக்கு அவர் ஒருவராற் பதில் சொல்ல இயலாது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கல்வித் துறை இருப்பது திருகோணமலையில் அல்ல, மட்டக்களப்பு மாவட்டத்து வந்தாறுமூலையில். அங்கிருந்து ஒருவரை இணைத்துக்கொள்ளாமல் இந்த விண்ணப்பம் நிற்காது என்பதை நாங்கள் பிந்தித்தான் உணர்ந்தோம்.

இன்னொரு தடையை அனுபவத்தில் கற்றுக்கொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு நிதி நிறுவனத்துக்கு நான் விண்ணப்பித்தேன். ஆசிரியர்களுக்கு மூன்று நாட் பயிற்சிப் பட்டறை நடத்தி, கைந்நூல் ஒன்று அச்சிட்டுக் கொடுத்து, பிறகு மாணவரின் புள்ளிகள் கூடியிருக்கின்றனவா என்று பார்ப்பதாக எழுதியிருந்தேன். "இது ஆராய்ச்சி அன்று" என்று ஒரு வரியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்று மனம் மிகவும் புண்பட்டது. இன்று அந்த விண்ணப்பத்தை எடுத்து வாசித்தால், அதில் ஒரு கேள்வியும் இல்லை என்பது தெரிகிறது. என் பட்டறை நல்லது என்ற முடிவோடுதான் தொடங்கியிருந்தேன். ஸ்பென்சர் அறக்கட்டளையும் ஆசிரியர் பயிற்சி, பாடத்திட்ட ஆக்கம், ஒரு திட்டத்தின் பலனை மதிப்பிடுதல், கட்டடம், புலமைப்பரிசில் ஆகியவற்றுக்குப் பணம் தருவதில்லை என்று வெளிப்படையாகவே சொல்கிறது. எங்கள் ஆசிரியர்களிடமிருந்து வரும் முன்மொழிவுகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் விழுகின்றன. பிள்ளைகளுக்கு உடனே ஏதாவது செய்துவிட வேண்டும் என்ற அவசரம் எங்களுக்கு இருக்கிறது, அது தப்பும் அல்ல. ஆனால் ஆராய்ச்சிக்கென்று ஒதுக்கிய பணத்தை அதற்குக் கேட்க முடியாது.

கொழும்பில் உள்ள தேசிய விஞ்ஞான மன்றம், 1994 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க விஞ்ஞான தொழினுட்ப அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் அமைந்தது. நாட்டின் ஆய்வு மானியங்களுக்கு முதன்மையான வாயில்களுள் ஒன்று அது. சமூக விஞ்ஞானங்களுக்கு அது அந்நியமானது அல்ல. இலங்கைச் சமூக விஞ்ஞானங்களுக்கான ஆய்விதழ் ஒன்றையும் அதுவே வெளியிடுகிறது. பாடசாலைகளில் விஞ்ஞானச் சங்கங்களை ஊக்குவிப்பதும் விஞ்ஞானத்தை மக்களிடம் கொண்டுசெல்வதும் அதன் பணிகளுள் அடங்கும். இங்கேயும் பல்கலைக்கழகமோ ஆய்வு நிறுவனமோ பின்னால் நிற்க வேண்டும். ஆனால் கதி, வேகம், திணிவு, நிறை என்ற சொற்களை இந்த மதிப்பீட்டாளர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அவர்களுட் சிலராவது இதே சொற்களைக் கொண்டு சாதாரண தரப் பரீட்சை எழுதியவர்களாக இருப்பார்கள்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். தொகையைப் பார்த்தால் ஸ்பென்சர் பல மடங்கு பெரிது. ஆனால் எங்களுக்குத் தேவை 18 இலட்சம். 50,000 டொலர் வரை தருவார்கள் என்பதற்காக எட்டு மாத ஆய்வை மூன்று ஆண்டாக இழுத்து, தேவையற்ற கருவிகளை வரவுசெலவில் ஏற்றுவது நேர்மையாகாது. அப்படி ஊதிய வரவுசெலவை அனுபவமுள்ள மதிப்பீட்டாளர் ஒரே பார்வையில் கண்டுகொள்வார். குறைந்த தொகைக்கே விண்ணப்பிக்கலாம் என்பதும் உண்மை. நாணயத்தைப் பார்த்தால் டொலர் பாதுகாப்பானது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயை ஒட்டியிருந்த டொலர் இரண்டே மாதத்தில் 360 ரூபாயைத் தொட்டதையும், கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டதையும் கண்டவர்கள் நாங்கள். ரூபாயில் ஒப்பந்தம் செய்து, அச்சுச் செலவும் எரிபொருட் செலவும் ஏறிவிட்டால், இடைவெளியை ஆய்வாளரே தம் சம்பளத்திலிருந்து நிரப்ப வேண்டி வரும். மறுபக்கம், கொழும்பு நிதி அரசாங்கத்தின் ஆண்டு வரவுசெலவைச் சார்ந்தது. எந்த ஆண்டு அழைப்பு விடுக்கப்படும், எந்தத் துறைகளுக்கு முன்னுரிமை என்பதை அந்தந்த ஆண்டு அறிவிப்பைப் பார்த்தே அறிய வேண்டும். ஆய்வுகூடங்களிலிருந்து வரும் முன்மொழிவுகளோடு ஒரே வரிசையில் நின்று, வகுப்பறை ஆய்வும் விஞ்ஞானத்துக்கு வேண்டியதே என்று வாதாட வேண்டியும் இருக்கும்.

எங்கள் தராசைச் சாய்த்தது மூன்றாவது கேள்வி: முடிவு யாருடைய மேசைக்குப் போக வேண்டும்? பாடத்திட்டத்தையும் ஆசிரியர் வழிகாட்டியையும் ஆக்குவது மகரகமவில் உள்ள தேசிய கல்வி நிறுவகம். பாடநூலை அச்சிடுவது கல்வி வெளியீட்டுத் திணைக்களம். "தமிழ்நாட்டுக் காணொளிகளில் வேகம் என்பது நமது கதியைக் குறிக்கும்" என்ற ஒரு பெட்டிக் குறிப்பைத் தரம் 10 பாடநூலில் சேர்க்க வேண்டும் என்பது எங்கள் ஆய்வின் முடிவானால், அதைச் செய்யக்கூடியவர்கள் மகரகமவில் இருக்கிறார்கள், சிக்காகோவில் இல்லை. உள்நாட்டு மன்றத்தின் மதிப்பீட்டைக் கடந்து, அதன் பெயரோடு வெளிவரும் அறிக்கைக்கு அந்த மேசையில் இருக்கும் பெறுமதி வேறு. ஸ்பென்சர் நிதியில் செய்த ஆய்வு சர்வதேச ஆய்விதழ் ஒன்றில் வெளிவரலாம். அது எங்கள் வளாக நண்பரின் பதவி உயர்வுக்கு உதவும். மூதூர் மாணவனின் கையில் உள்ள பாடநூலுக்கு உதவுமா என்று எனக்கு உறுதியில்லை.

ஆகவே எங்கள் தீர்மானம் இது: இந்தக் கேள்விக்குக் கொழும்பு, அடுத்த கேள்விக்கு ஸ்பென்சர். அடுத்த கேள்வி என்னவென்றால், இரண்டு கலைச்சொல் மரபுகளை அறிந்தே கற்கும் பிள்ளை, ஒன்றை மட்டும் அறிந்த பிள்ளையைவிடக் கருத்தை ஆழமாக விளங்கிக்கொள்கிறதா என்பது. இரண்டு சொற்கள் இருப்பது இடையூறாகவே முடிய வேண்டும் என்று இல்லை. கதி என்றும் திசைவேகம் என்றும் இரண்டு பெயர்களையும் ஒப்பிட்டுப் பார்க்கும் பிள்ளை, எதற்குத் திசை உண்டு எதற்கு இல்லை என்பதை மறக்காமற் பிடித்துக்கொள்ளக்கூடும். அதை ஆராய ஒரே பிள்ளைகளை மூன்று ஆண்டுகள் பின்தொடர வேண்டும். அதற்குப் பெரிய தொகை வேண்டும், வந்தாறுமூலையிலிருந்து கல்வித் துறையினர் வேண்டும், ரூபாய் சரிந்தாலும் சரியாத நாணயம் வேண்டும். தமிழும் இரு நாட்டுக் கலைச்சொற்களும் அறியாத வாசகருக்கும் அந்தக் கேள்வி பொருள் தரும்.

ஆய்வுக்கு நிதி பெறுவதும் ஆளுக்கு நிதி பெறுவதும் வேறு வேறு. தனியே நிற்கும் ஓர் இளம் ஆசிரியருக்கு மேலே சொன்ன இரண்டும் பயன்படா. அவருக்கு நான் முதலிற் சொல்லுவது யப்பானிய அரசாங்கத்தின் ஆசிரியர் பயிற்சிப் புலமைப்பரிசில். 35 வயதுக்கு உட்பட்டவராக, பட்டமோ ஆசிரியர் பயிற்சியோ முடித்து, பாடசாலையில் ஐந்து ஆண்டுகளேனும் கற்பித்தவராக இருக்க வேண்டும். மொழிப் பயிற்சி உட்பட ஒன்றரை ஆண்டு, மாதம் 143,000 யென் உதவித்தொகை, விமானச் செலவும் பயிற்சிக் கட்டணமும் அவர்களுடையது. முடிவில் பட்டம் கிடைக்காது, சான்றிதழ்தான். பட்டத்துக்காகப் போகிறவர் ஏமாந்துவிடுவார். ஆனால் யப்பானிய ஆசிரியர்கள் ஒரு பாடத்தைக் கூடித் திட்டமிட்டு, ஒருவர் கற்பிக்க மற்றவர்கள் வகுப்பின் பின்னால் நின்று அவதானித்து, பின்பு கூடியிருந்து அலசும் பாட ஆய்வு முறையை அதன் சொந்த மண்ணிலேயே காணலாம். எங்கள் வலயத்தில் ஓர் ஆசிரிய ஆலோசகர் அதை இங்கே செய்து காட்டினால், அது பணமே தேவைப்படாத ஆராய்ச்சியாகிவிடும்.

பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டத்துக்குப் பதிவு செய்துவிட்ட இளம் விரிவுரையாளருக்குப் பொதுநலவாயப் புலமைப்பரிசில் ஏற்றது. 1959 இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில், பட்டத்தை உள்நாட்டிலேயே செய்துகொண்டு பன்னிரண்டு மாதம் வரை பிரித்தானியப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆய்வு செய்ய ஒரு வகை உண்டு. குடும்பத்தை இங்கே விட்டு நான்கு ஆண்டு போக முடியாத பெண் விரிவுரையாளர்களுக்கு அது பெரிய வசதி. எனக்குத் தெரிந்தவர்களுள் அதைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தவர்கள் மிகச் சிலரே.

கணிதக் கல்வியில் ஈடுபட்டோர் இன்னொன்றையும் மனதில் வைக்கலாம். 1908 இல் உரோமில் உருவாகி, பீலிக்ஸ் கிளைனை முதற்தலைவராகக் கொண்ட கணிதக் கற்பித்தலுக்கான சர்வதேச ஆணைக்குழு, நான்கு ஆண்டுக்கு ஒருமுறை உலக மாநாடு நடத்துகிறது. 2024 இல் சிட்னியில் நடந்தது. அடுத்தது 2028 இல் பிராக் நகரில். பதிவுக் கட்டணத்தின் பத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, வசதி குறைந்த நாடுகளிலிருந்து வருவோருக்குப் பயண உதவி வழங்குகிறார்கள். இது ஆய்வு நடத்தத் தரும் பணம் அல்ல; செய்து முடித்த ஆய்வை எடுத்துச் செல்லத் தரும் பணம். பிராக் மாநாட்டில் எங்கள் கிண்ணியா நண்பர் நின்று பேச வேண்டுமானால், ஆய்வு 2027 க்குள் முடிந்திருக்க வேண்டும்.

கடைசியாக, எந்த நிதி வந்தாலும் தப்ப முடியாத ஒன்று அனுமதி. 1987 இன் பதின்மூன்றாம் திருத்தத்துக்குப் பிறகு மாகாணப் பாடசாலைகள் மாகாணத்தின் கீழும் தேசிய பாடசாலைகள் கொழும்பு அமைச்சின் கீழும் இருக்கின்றன. ஒரே வீதியில் இருக்கும் இரண்டு பாடசாலைகளுக்கு இரண்டு அனுமதிகள் வேண்டும். இதை நன்றாக அறிந்திருந்தும், முன்னொரு முறை எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் எழுதி ஓர் அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டேன். நான்கு மாதம் அது யாருடைய கோப்பிலோ கிடந்து, "உரிய அதிகாரிக்கு விண்ணப்பிக்கவும்" என்ற குறிப்போடு திரும்பி வந்தது. அதற்குள் அந்த ஆண்டின் இரண்டாம் தவணை முடிந்துவிட்டது. இந்த விடயத்தில் திருகோணமலையில் இருப்பது எங்களுக்கு வாய்ப்பு. கிழக்கு மாகாணக் கல்வித் திணைக்களம் இந்த நகரத்திலேயே இருக்கிறது; அம்பாறையில் இருக்கும் ஆய்வாளருக்கு ஒரு நாட் பயணமாக இருப்பது எங்களுக்கு முச்சக்கர வண்டித் தூரம். அனுமதிக் கடிதமும் பல்கலைக்கழக ஒழுக்கவியல் மீளாய்வுக் குழுவின் இசைவும் கையில் இருக்கும் முன்மொழிவுக்கும், "பெறப்படும்" என்று எழுதிய முன்மொழிவுக்கும் மதிப்பீட்டாளரின் கண்ணில் நிறைய வேறுபாடு உண்டு.

பணம் வரும்வரை சும்மா இருப்பதாகவும் இல்லை. எங்கள் மூவரின் சொந்த வகுப்புகளில், செயல்நிலை ஆய்வாக, முன்னோடிப் பரிசோதனை ஒன்றைத் தொடங்கியிருக்கிறோம். அச்சுச் செலவு மட்டும்தான். அதை மூவரும் பகிர்ந்துகொண்டோம். ஒரே வினாவை இரண்டு வகையாக எழுதினோம். ஒன்றில் "சராசரி வேகம் என்ன?" என்று மட்டும் கேட்டோம்; மற்றதில் "சராசரிக் கதி என்ன? சராசரி வேகம் என்ன?" என்று இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டோம். இரண்டாவது தாள் கிடைத்த பிள்ளைகளிற் பலர் பேனையை வைத்துவிட்டுச் சிறிது நேரம் யோசித்ததை மூன்று வகுப்புகளிலும் கண்டோம். முதலாவது தாள் கிடைத்தவர்கள் யோசிக்கவே இல்லை. உடனே வகுத்து விடையை எழுதிவிட்டார்கள். அந்தக் கொப்பிகளை இப்போது கிண்ணியா நண்பரின் வீட்டு மேசையில் பிரித்து அடுக்கிக்கொண்டிருக்கிறோம். மாகாணப் பாடசாலைகளுக்கான அனுமதிக் கடிதத்தைச் சென்ற திங்கட்கிழமை உவர்மலையில் உள்ள மாகாணக் கல்வித் திணைக்களத்தில் நேரிற் கொண்டுபோய்க் கொடுத்தேன். அமைச்சுக்கு உரியதைத் தனிக் கடிதமாகப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன்.